அட்டவணையில் 155, மாடி வெயிலில் 127

வேலூர், காட்பாடிப் பக்கம் புதிதாக எழும் திருமண மண்டபங்களுக்கும் தங்கும் விடுதிகளுக்கும் மின் வடிவமைப்புப் பார்த்துக் கொடுப்பது என் தொழில். உரிமையாளர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும், "இவ்வளவு கிலோவாட்டுக்கு எத்தனை ஸ்கொயர் எம்.எம். கேபிள் போடணும் சார்?" என்பதுதான். அந்தக் கேபிள் எங்கே, எதற்குள்ளே, எவற்றோடு சேர்ந்து போகிறது என்று பார்க்காமல் விடை சொல்ல முடியாது என்றால், செலவை ஏற்றுவதற்கான பேச்சாகவே அதை எடுத்துக்கொள்பவர்களும் உண்டு. அதனால் ஒரு கணக்கை இங்கே முழுதாகவே போட்டுக் காட்டுகிறேன்.

ஏ.சி., சமையற்கூடம், லிஃப்ட், மேடை விளக்குகள் எல்லாம் சேர்த்து 100 கிலோவாட் வரும் ஒரு மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். மூன்று பேஸ், 415 வோல்ட், பவர் ஃபேக்டர் (வாங்கும் மின்சாரத்தில் வேலைக்குப் பயன்படும் பங்கு) 0.9 என்றால் ஒரு பேஸில் ஏறத்தாழ 155 ஆம்பியர் ஓடும். 95 சதுர மில்லிமீட்டர் அலுமினிய பி.வி.சி. ஆர்மர்டு (இரும்புக் கவசமிட்ட) கேபிளுக்கு, எந்தக் கேபிள் எவ்வளவு கரண்ட் தாங்கும் என்று சொல்லும் அட்டவணை திறந்த காற்றில் காட்டும் அளவும் சுமார் 155 ஆம்பியர்தான். இரண்டும் அச்சாகப் பொருந்துவதால் பலர் அங்கேயே கணக்கை முடித்துவிடுகிறார்கள்.

அந்த 155 என்பது, சுற்றுக் காற்று 40 டிகிரி செல்சியஸாக இருக்கும்போது, கேபிளின் உள்ளே உள்ள கடத்தி 70 டிகிரியைத் தாண்டாமல் சுமக்கக்கூடிய அளவு. நம் ஊரில் கத்திரி வெயில் நாட்களில் நிழலிலேயே 40 டிகிரி கடந்துவிடுகிறது. மொட்டைமாடித் தளத்தை ஒட்டியோ, மேற்குச் சுவரை ஒட்டியோ போகும் கேபிளைச் சுற்றி 50 டிகிரி இருப்பதில் வியப்பில்லை. அந்த வெப்பத்தில் பி.வி.சி. கேபிளின் திறனை 0.82 ஆல் பெருக்க வேண்டும். 155 என்பது 127 ஆகிவிடும். மண்டபத்துக்குத் தேவைப்படுவதோ 155. முகூர்த்தம் நிறைந்த வைகாசி மாதத்தில்தான் ஏ.சி. எல்லாம் ஒன்றாக ஓடும், அப்போதுதான் கேபிளின் திறனும் அடிமட்டத்தில் இருக்கும்.

சரியான வழி, கணக்கைப் பின்னாலிருந்து போடுவது. ஓடும் கரண்ட் 155. கரண்ட் மிகும்போது இணைப்பைத் துண்டிக்கும் பிரேக்கரான எம்.சி.சி.பி.யை அதற்குச் சற்று மேலாக 160 ஆம்பியருக்கு அமைக்கிறோம். கேபிளின் குறைந்துபோன திறன் அந்த 160-க்குக் கீழே இருக்கக் கூடாது. 160-ஐ 0.82 ஆல் வகுத்தால் 195 வருகிறது. அட்டவணையில் 205 ஆம்பியர் அளவில் உள்ள 150 சதுர மில்லிமீட்டர் கேபிளில்தான் இது அடங்கும். கடத்தி 90 டிகிரி வரை போகலாம் என்னும் எக்ஸ்.எல்.பி.இ. (வேறு வகைப் பிளாஸ்டிக் உறையிட்ட) கேபிளுக்கு இதே 50 டிகிரியில் பெருக்க வேண்டியது 0.89 என்பதால் குறைவு அவ்வளவு இருக்காது. ஆயினும் கேபிள் தாங்கும் சூட்டை அது இணையும் பிரேக்கர் முனையும் தாங்குமா என்பதைத் தனியே பார்க்க வேண்டும். மூன்று கேபிள்களை இடைவெளியின்றி ஒன்றாகக் கட்டி ஒரே டக்டில் ஏற்றினால் இன்னொரு 0.7 ஆல் பெருக்க வேண்டியிருக்கும். தூரக் கணக்கு இதற்கும் மேலே வருவது: 150 சதுர மில்லிமீட்டர் கேபிளில் இந்த லோடுக்கு 80 மீட்டரில் வோல்டேஜ் இழப்பு ஐந்தரை வோல்ட் அளவில்தான் என்றாலும், 250 மீட்டர் தள்ளிய கட்டடத்துக்கு அது 17 வோல்ட் ஆகிவிடும்.

பைப் விஷயத்தில் நம்மிடம் இருக்கும் அலட்சியம் இதைவிடப் பெரிது. 16 சதுர மில்லிமீட்டர் ஒயர் நான்கை 25 மில்லிமீட்டர் பைப்பில் இழுக்க முடியுமா என்றால், சோப்புத் தூளைத் தடவி இருவர் சேர்ந்து இழுத்தால் வரத்தான் செய்யும். ஆனால் அந்த ஒயரின் வெளிவிட்டம் சுமார் 7.4 மில்லிமீட்டர், நான்கும் சேர்ந்து 172 சதுர மில்லிமீட்டர் இடத்தை அடைக்கும். பைப்பின் உள்விட்டம் ஏறக்குறைய 21 மில்லிமீட்டர் என்பதால் உள்ளே இருக்கும் இடமே 346 சதுர மில்லிமீட்டர்தான்; பாதி அடைந்துவிட்டது, எர்த் ஒயர் இன்னும் உள்ளே போகவில்லை. நாற்பது சதவீதத்துக்கு மேல் நிரப்பக் கூடாது என்பது நான் விடாமல் பிடித்துக்கொள்ளும் அளவு. அதைத் தாண்டினால் வளைவுகளில் இன்சுலேஷன் உரிகிறது, உள்ளே எழும் சூடு வெளியேறவும் வழியில்லை. இரண்டு செங்கோண வளைவுகளுக்கு மேல் வந்தால் இடையில் ஒயரைப் பிடித்து இழுக்க ஒரு புல் பாக்ஸ் (திறக்கக்கூடிய பெட்டி) வைத்துவிடுவேன். அழகு கெடுகிறது என்று சொல்லும் கட்டட வடிவமைப்பாளர்களோடு இதற்காகச் சண்டையும் போட்டிருக்கிறேன்.

பெரிய மின் இணைப்புகளில் மட்டும் வரும் பிழை ஒன்று உண்டு. சில ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு கட்டடத்தில் ஏதோ கருகும் வாடை வருகிறது என்று என்னை அழைத்தார்கள். மீட்டர் அறையிலிருந்து மேலே நான்கு ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப்புகள் வரிசையாக, கண்ணுக்கு மிக நேர்த்தியாக ஏறிக்கொண்டிருந்தன. மூன்று பைப்புகளைச் சுற்றியிருந்த சுண்ணாம்புப் பூச்சு பழுப்பேறியிருந்தது. கையை வைத்து மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டேன். ஒரு பைப்பைச் சுற்றி, உள்ளே ஓடும் கரண்டை வெளியிலிருந்தே அளக்கும் டாங் டெஸ்டரை மாட்டினேன். ஆர், ஒய், பி என்னும் மூன்று பேஸ்கள், கரண்ட் திரும்பும் நியூட்ரல் ஆகிய நான்கும் ஒரே பைப்பில் போனால் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது ஈடுசெய்து, டெஸ்டர் கிட்டத்தட்டப் பூஜ்யம் காட்ட வேண்டும். அங்கே 140 ஆம்பியர் காட்டியது. ஒவ்வொரு பேஸின் ஒயர்களையும் தனித்தனி இரும்புப் பைப்பில் விட்டிருந்தார்கள். குழப்பம் வராமல் இருக்க அப்படிச் செய்ததாகச் சொன்னார், வேலை பார்த்தவர். தனியே ஓடும் ஒரு பேஸின் மாறுமின்னோட்டம் சுற்றியுள்ள இரும்பைச் சூடாக்கும். எத்தனை தடித்த கேபிள் போட்டாலும் இந்தச் சூடு குறையாது. ஒவ்வொரு பைப்பிலும் மூன்று பேஸும் நியூட்ரலும் சேர்ந்து போகும்படி மாற்றி இழுத்த மறுநாள், பைப்புகள் கைக்குக் குளிர்ச்சியாகவே இருந்தன. மின்பெட்டிக்குள் கேபிள் நுழையும் தகடான கிளாண்டு பிளேட்டுக்கும் இதே விதிதான். ஒற்றைக் கோர் கேபிள்கள் தனித்தனித் துளை வழியே நுழைவதானால் அந்தத் தகடு அலுமினியம் போல் காந்தம் ஒட்டாத உலோகமாக இருக்க வேண்டும்.

ஒரே பேஸுக்கு இரண்டு கேபிள்களை இணையாக ஓட்டும்போது அவற்றின் நீளமும் அளவும் ஒன்றாக இருக்க வேண்டும். குட்டையான கேபிள் தன் பங்குக்கு மேல் சுமந்து முதலில் வெந்துபோகும்.

மண்ணுக்கடியில் விடுவதானால் நம் மாவட்டத்துக்கே உரிய தொல்லை பாறைதான். முக்கால் மீட்டர் ஆழம் தோண்ட வேண்டிய இடத்தில் ஓரடியிலேயே பாறை தட்டினால், உடைத்த கல்லையே மேலே போட்டு மூடிவிடுகிறார்கள். கல்லின் கூர்முனை ஆர்மரைக் குத்துவது ஒருபுறம். கற்களுக்கு இடையே நிற்கும் காற்றுவெளி கேபிளின் சூட்டை மண்ணுக்குப் போகவிடாமல் தடுப்பது மறுபுறம். கீழும் மேலும் சலித்த மண்ணோ மணலோ போட்டு இறுக்கினால்தான் மண்ணுக்கடியில் விடும் கேபிளுக்கு அட்டவணை காட்டும் அளவு பொருந்தும்.

நியூட்ரலைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்றரைக் கோர் கேபிளில் (மூன்று பேஸுக்கும் முழு அளவுக் கடத்திகள் உள்ளது) நியூட்ரல் ஏறக்குறையப் பாதி அளவே இருக்கும். மோட்டார்கள் மட்டும் ஓடிய காலத்துக்கு அது போதும். எல்.இ.டி. விளக்குகளும் கணினிகளும் யு.பி.எஸ். கருவிகளும் நிறைந்த கட்டடங்களில், ஒவ்வொரு பேஸிலும் எழும் மூன்றாம் ஹார்மோனிக் (மும்மடங்கு அதிர்வெண்ணில் கூடவே ஓடும் கரண்ட்) நியூட்ரலில் ஒன்றையொன்று அழிக்காமல் கூடிக்கொண்டே போகும். சில வேளை பேஸைவிட நியூட்ரலில் அதிகக் கரண்ட் ஓடும். மருத்துவமனை, கல்லூரி, அலுவலகக் கட்டடங்களுக்கு நான் நான்கு முழுக் கோர் கேபிளைத்தான் எழுதுகிறேன்.