முந்தானையைப் பிடித்த கை ஏன் நடுங்குகிறது?

போன மாதம் ஒரு வாசகி எழுதியிருந்தார். புடவைக் கடைகளின் கேட்டலாக் ஷூட்டுக்கு மாடலாகப் போகிறாராம். ஒரு நாளைக்கு முப்பது, முப்பத்தைந்து புடவை. ஒவ்வொன்றுக்கும் முந்தானையைக் கையில் ஏந்திப் பக்கவாட்டில் நீட்டி, தலையைச் சாய்த்து, சிரித்தபடி நிற்க வேண்டும். "மத்தியானத்துக்கு மேல கை நடுங்க ஆரம்பிச்சுடுது, கழுத்து இறுகிப்போகுது, ஏம்மா இப்படி மரக்கட்டை மாதிரி நிக்கிறேன்னு திட்டு வேற. யோகா கத்துக்கச் சொல்றாங்க. உடம்பு வளைஞ்சா போட்டோவுல என்ன சார் மாறப்போகுது?"

நல்ல கேள்வி. உடம்பு வளைவதால் பெரிதாக ஒன்றும் மாறாது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனாலும் கற்றுக்கொள்ளச் சொன்னவர்கள் சொன்னது சரி. அந்த 'ஆனாலும்' எங்கிருந்து வருகிறது என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் கை நடுங்கும் சங்கதியை முடித்துவிடலாம், பள்ளிக்கூட நெம்புகோல் கணக்குதான். ஒரு கையின் எடை உடல் எடையில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு. 55 கிலோ உள்ளவருக்கு இரண்டே முக்கால் கிலோ வரும். கையை நீட்டினால் அந்த எடை தோள் மூட்டிலிருந்து கிட்டத்தட்ட ஓரடி தள்ளித் தொங்குகிறது. அதைத் தூக்கிப் பிடிக்கிற தோள் தசையோ மூட்டை ஒட்டினாற்போல் சில சென்டிமீட்டர் தூரத்தில் இழுக்கிறது, ஆக அது போட வேண்டிய விசை கையின் எடையைப் போல எட்டு, பத்து மடங்கு. முந்தானையின் கனமெல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமில்லை, அவ்வளவுதான். இறுகிய தசை தன் ரத்தக் குழாய்களைத் தானே நசுக்கிக்கொள்ளும். நடக்கும்போது இறுகல், தளர்வு என்று மாறி மாறி வருவதால் நடுவில் ரத்தம் நுழைந்துவிடும், அசையாமல் பிடித்து நின்றால் அதற்கு வழியில்லை. 1960-இல் ஜெர்மனியின் வால்டர் ரோமர்ட் இதை அளந்து வளைகோடே போட்டார்: முழு பலத்தில் பாதியைப் போட்டு அசையாமல் பிடித்தால் சுமார் ஒரு நிமிடம்தான் தாங்கும். களைத்த இழைகள் கழன்றுகொள்ள, நரம்பு புதிய இழைகளைக் கூட்டம் கூட்டமாக இழுத்துப் போடுகிறது, அது வெளியே நடுக்கமாகத் தெரிகிறது. உண்மையில் எல்லார் கையும் எப்போதும் நொடிக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு முறை மெல்ல அதிர்ந்துகொண்டேதான் இருக்கிறது. நீட்டிய விரல்கள் மேல் ஒரு தாளை வைத்துப் பாருங்கள், அதன் ஓரம் காட்டிக்கொடுக்கும்.

ஆனால் இந்த நடுக்கம் படத்தைக் கெடுப்பதில்லை. ஸ்டுடியோ ஃப்ளாஷ் எரிவது நொடியில் நூற்றுக்கணக்கான பங்கில் ஒன்றுகூட இல்லை, அதற்குள் கை எங்கே அசைந்துவிடப் போகிறது? 1840-களில் நிலைமை வேறு. உருவப்படம் எடுக்க நொடிக்கணக்கில், ஆரம்பத்தில் நிமிடக்கணக்கில்கூட உட்கார வேண்டும், அதனால் நாற்காலிக்குப் பின்னால் ஒரு இரும்புத் தண்டு வைத்துத் தலையைக் கவ்விப் பிடித்தார்கள். அந்தக் காலத்துப் படங்களில் எல்லாரும் துக்க வீட்டுக்கு வந்தவர்கள்போல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். இப்போது இரும்புத் தண்டு இல்லை, அந்த வேலையை மாடல் தன் தசைகளாலேயே செய்துகொள்கிறார். கேமராவுக்குத் தெரிவது அதுதான். காதுப் பக்கம் ஏறிய தோள், கழுத்தில் புடைத்த இரண்டு நரம்பு (நரம்பு என்று நாம் சொல்வது தசைதான்), கெட்டித்த தாடை.

சரி, இனி நான் ஆசையாகச் சொல்ல வந்த விஷயம்.

பஸ்ஸில் உட்கார்ந்தபடி தூங்கியிருக்கிறீர்களா? கண் சொருகும், தலை முன்னால் சரியும், சட்டென்று யாரோ பின்னந்தலையைப் பிடித்து இழுத்தாற்போல் வெடுக்கென்று நிமிரும். பக்கத்து சீட்காரர் பார்க்கிறாரா என்று ஒரு பார்வை, திரும்பவும் அதே கதை. தூங்கிக்கொண்டிருந்த நீங்கள் அதை நிமிர்த்தவில்லை. அப்போ நிமிர்த்தியது யார்?

தசைக்குள், சாதாரண இழைகளுக்கு நடுவே, சில மில்லிமீட்டர் நீளத்தில் ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. நடுவில் பருத்து இரண்டு முனையிலும் கூம்பி, ராட்டையில் நூல் சுற்றிய கதிர் போல இருப்பதால் அதற்குத் தசைக் கதிர் என்றே பெயர். உள்ளே பத்துக்கு முன்பின்னாக மெல்லிய இழைகள், அவற்றின் இடுப்பில் ஒரு நரம்பு ஸ்பிரிங் மாதிரி சுற்றிக்கொண்டிருக்கும். தசை நீண்டால் கதிரும் நீளும், ஸ்பிரிங் விரியும், நரம்பு கத்தும். அந்தச் சத்தம் நொடிக்கு நூறு மீட்டர் அளவிலான வேகத்தில் தண்டுவடத்துக்குப் போய், மூளையிடம் கேட்காமலேயே, அதே தசைக்கு 'சுருங்கு' என்ற உத்தரவாகத் திரும்பி வருகிறது. நடுவில் ஒரே ஒரு நரம்புச் சந்திப்புதான், அதனால்தான் அத்தனை வேகம். பஸ்ஸில் சரிந்த தலையை நிமிர்த்தியது இதுதான், டாக்டர் முட்டிக்குக் கீழே சுத்தியலால் தட்டினால் கால் துள்ளுவதும் இதனால்தான். இங்கிலாந்தின் சார்லஸ் ஷெரிங்டனும் எட்வர்ட் லிடெலும் 1924-இல் இந்த நீட்சி அனிச்சையை விவரித்தார்கள், ஷெரிங்டனுக்கு 1932-இல் நரம்பு ஆராய்ச்சிக்காக நோபல் பரிசும் கிடைத்தது.

இதில் என்னைக் கிறங்கடிக்கும் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. ஒன்று, கதிர் நீளத்தை மட்டும் அளக்கவில்லை, நீளும் வேகத்தையும் அளக்கிறது. வெடுக்கென்று இழுத்தால் அலறும், அதே தூரம் மெதுவாக இழுத்தால் முனகும், அங்கேயே பிடித்து வைத்திருந்தால் குரலைக் குறைத்துக்கொள்ளும். குனிந்து கால் விரலைத் தொட எம்பி எம்பிக் குதிக்கிறவர்கள் ஒவ்வொரு குதிப்பிலும் தன் தசையையே தனக்கு எதிராக எழுப்பிவிடுகிறார்கள், ஆசனத்தில் மெல்லப் போய் நில்லுங்கள் என்று வாத்தியார் சொல்வதற்குள் இந்த உடலியல் முழுக்க ஒளிந்திருக்கிறது.

இரண்டாவது இன்னும் அழகு. மாட்டுத் தொழுவத்துக் கதவில் சலங்கை கோத்த கயிறு கட்டியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். கயிறு தொய்ந்திருந்தால் திருடன் கால் பட்டாலும் சலங்கை ஒலிக்காது, விறைப்பாகக் கட்டியிருந்தால் பூனை உரசினாலே ஒலிக்கும். கதிரின் இரண்டு முனையிலும் இருக்கிற இழைகளை இழுத்து இப்படி விறைப்பைக் கூட்டவும் குறைக்கவும் காமா நரம்புகள் என்று தனியாகவே ஒரு கூட்டம் உண்டு. அதாவது அலாரம் எவ்வளவு லேசில் அடிக்க வேண்டும் என்பதை உடம்பு அப்போதைக்கப்போது திருத்திக்கொண்டே இருக்கிறது.

அனிச்சையின் அளவு எவ்வளவு மாறும் என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். மேஜை மேல் காலைத் தொங்கவிட்டு உட்காரச் சொல்லி, முட்டிக்குக் கீழே கை விளிம்பால் தட்டிப் பாருங்கள். கால் சும்மா ஆடும். இப்போது இரண்டு கை விரல்களையும் கொக்கிபோல் கோத்து எதிரெதிராக இழுக்கச் சொல்லித் திரும்பத் தட்டுங்கள். துள்ளல் பெரிதாகும். ஹங்கேரி மருத்துவர் யெண்ட்ராஷிக் 1885-இல் சொன்ன தந்திரம் இது, இன்றும் மருத்துவமனைகளில் பயன்படுகிறது. பல்லைக் கடித்தாலும் இதேபோல் நடக்கும். கவனியுங்கள், இறுக்குவது கையையோ தாடையையோ, துள்ளுவது கால். லைட்டுக்கு முன்னால் பல்லைக் கடித்துக்கொண்டு 'நல்லா வரணும்' என்று நிற்கிற மாடல், தாடையை மட்டும் இறுக்கவில்லை.

மரக்கட்டை என்று வாங்கிய திட்டுக்கும் இப்போது விளக்கம் கிடைக்கும். முழங்கையை மடக்கும் தசை வேலை செய்யும்போது அதை நீட்டும் தசை தளர வேண்டும், தண்டுவடமே அதற்கு ஏற்பாடு செய்துவைத்திருக்கிறது. ஆனால் பதற்றத்திலோ, பழகாத வேலையிலோ இரண்டும் ஒரே நேரத்தில் இழுக்கும். கை நகராது, மூட்டு கெட்டிப்படும், பலம் வீணாகும். முதல் நாள் சைக்கிள் ஓட்டக் கற்றபோது ஹேண்டில்பாரை எப்படிப் பிடித்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள், பிடியை விடும்போது கை விரல் வெளுத்திருக்கும். பழகப் பழக எதிர்த் தசை ஒதுங்கிக்கொள்கிறது. மரத்தைப்போல் ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனத்தையும், காலை அகட்டிக் கையை நீட்டி நிற்கும் வீரபத்திராசனத்தையும் நான் முக்கியமாகச் சொல்வது இதனால்தான்: கையை நீட்டி ஒரே நிலையில் நிற்க, தேவையான தசையை மட்டும் போட்டு மற்றதை விடுவது எப்படி என்பதற்கு அவை ஒத்திகை. ஷூட்டில் செய்வதும் அதேதான், ஆசனத்தில் லைட்டும் திட்டும் இல்லை, அவ்வளவுதான்.

ஸ்ட்ரெச்சிங் செய்தால் தசை நீண்டுவிடும் என்றுதான் பலரும் நம்புகிறார்கள், நானும் நம்பியிருந்தேன். எனக்குக் குனிந்தால் கை, கால் முட்டிக்குக் கீழே ஒரு சாண் தூரத்தில் நின்றுவிடும், தினமும் காலையில் நின்று பழகி ஒரு மாதத்தில் கணுக்கால் வரை போனேன், தொடைத் தசை நீண்டுவிட்டது என்று வீட்டில் பெருமை அடித்தேன். பிறகுதான் கோபன்ஹேகனில் மாக்னுசன் குழு 1996-இல் செய்த சோதனையைப் படித்தேன். மூன்று வாரம் ஒரு காலை மட்டும் நீட்டிப் பழகச் செய்து, கருவியில் வைத்து அளந்தார்கள். பழகிய கால் முன்னைவிட அதிகம் விரிந்தது, ஆனால் ஒரே கோணத்தில் அந்தத் தசை காட்டிய எதிர்ப்பு முன்பு இருந்த அளவேதான். தசை மாறவில்லை, எந்த இடத்தில் 'போதும், வலிக்கிறது' என்று சொல்ல வேண்டும் என்ற எல்லைக்கல் மட்டும் தள்ளிப் போயிருக்கிறது. வருடக்கணக்கில் செய்கிறவர்கள் கதை வேறாக இருக்கலாம், ஆனால் வாரக்கணக்கில் கிடைக்கும் பலன் பெரும்பாலும் நரம்பு கொடுக்கும் அனுமதிதான். என் பெருமையில் பாதி போய்விட்டது, ஆச்சரியம் இரட்டிப்பானது.

மாடலுக்கு இந்த அனுமதியே போதும். கழுத்தைச் சாய்க்கும் எல்லை நாற்பது டிகிரி என்றால் முப்பத்தெட்டில் நிற்பது வேதனை, முகத்தில் தெரியும். எல்லை ஐம்பதுக்குப் போய்விட்டால் அதே முப்பத்தெட்டு சாதாரண இடம்.

மூச்சைப் பற்றிச் சுருக்கமாக. பதற்றத்தில் மேல்மூச்சு வாங்கும்போது கழுத்துப் பக்கத் தசைகளும் மார்பைத் தூக்க வந்துவிடும், தோள் ஏறுவதில் பாதி இதனால்தான். வெளிமூச்சில் அவை இறங்கும், இதயத் துடிப்பும் கொஞ்சம் தணியும். 2001-இல் இத்தாலியின் பெர்னார்டி குழு லத்தீன் ஜெபமாலையையும் 'ஓம் மணி பத்மே' மந்திரத்தையும் ஒப்பிட்டது. இரண்டுமே மூச்சை நிமிடத்துக்கு ஆறு என்ற தாளத்துக்குக் கொண்டுவந்தன, இதய, ரத்த அழுத்தச் சீர்களும் அதோடு இசைந்தன. எந்த மதத்துச் சொல் என்பது இதயத்துக்குத் தெரியவில்லை, எண்ணிக்கை தெரிந்தது. இதைச் சொன்னால் இரண்டு தரப்பிலும் கோபித்துக்கொள்கிறார்கள்.

கோபம் என்றதும் ஞாபகம் வருகிறது. வாசகியிடம் யாரோ, தினமும் சிரசாசனம் செய்தால் ரத்தம் முகத்துக்குப் பாய்ந்து கேமராவில் பொலிவாகத் தெரியும் என்றும் சொல்லியிருக்கிறார்கள். முகம் சிவக்கும்தான், எழுந்து நின்ற சில நிமிடங்களில் போய்விடும். ஆனால் 2006-இல் சென்னை சங்கர நேத்ராலயா மருத்துவர்கள் சிரசாசனத்தில் நிற்பவர்களின் கண் அழுத்தத்தை அளந்தபோது அது ஏறத்தாழ இரண்டு மடங்காக இருந்தது. கிளாக்கோமா என்கிற கண் அழுத்த நோய் இருப்பவர்களும், குடும்பத்தில் யாருக்காவது அது இருப்பவர்களும் கண் மருத்துவரைக் கேட்காமல் தலைகீழாக நிற்க வேண்டாம். எனக்குப் பிடித்த ஆய்வு அது. எளிய கேள்வி, அளக்கிற கருவி, தெளிவான பதில். யோகா தினமான ஜூன் 21 அன்று மைதானத்தில் பாய் விரிக்கிற செலவில் ஒரு பங்கை, ஆசனத்தில் நிற்பவரின் தசையில் மின்முனை ஒட்டி எது இழுக்கிறது எது தளர்கிறது என்று பார்க்கிற வேலைக்குக் கொடுத்தால், நாம் உலகத்துக்குச் சொல்ல இன்னும் நிறைய இருக்கும். பெருமை பேசுவதற்குப் பணம் சுலபமாகக் கிடைக்கிறது, அளப்பதற்கு இழுபறி.

சரி, அம்மா, உங்களுக்கு: ஷூட்டுக்கு முன்னால் கழுத்து, தோள், இடுப்பு, கெண்டைக்கால், இந்த நான்கு இடம். மெதுவாகப் போங்கள், முதல் இழுப்பு தெரிகிற இடத்தில் நில்லுங்கள், அரை நிமிடம், நீண்ட வெளிமூச்சு. வலி வரும்வரை போகவேண்டாம். துள்ளிக் குதிக்கிற படம் எடுக்கிற நாளில் மட்டும் ஒரே தசையை ஒரு நிமிடத்துக்கு மேல் இழுத்துப் பிடிக்காதீர்கள், அப்படிச் செய்தால் கொஞ்ச நேரம் பலம் குறையும். நிற்கும்போது நாக்கைத் தளரவிட்டு மேல் கீழ்ப் பல்லுக்கு நடுவே ஒரு நூல் இடைவெளி விடுங்கள், யெண்ட்ராஷிக் ஞாபகம் இருக்கட்டும். படம் எடுப்பவரிடம் வெளிமூச்சு விடும்போது கிளிக் செய்யச் சொல்லுங்கள்.

அப்புறம், எந்த ஆசனமும் நசுங்கிய குழாயில் ரத்தத்தைக் கொண்டுவராது. ஒரு படத்துக்கும் அடுத்ததுக்கும் நடுவே கையைத் தொங்கவிட்டு உதறுங்கள், ரத்தம் உடனே பாயத் தொடங்கும். லைட்டைச் சரிபார்க்கிற பத்து நிமிடமும் முந்தானையை நீட்டியபடியே நிற்கச் சொன்னால், அதற்குக் கோட் மாட்டுகிற ஸ்டாண்டே போதும் சார் என்று சொல்லிப் பாருங்கள்.