டி.ஆர்.எல். என்பதற்குத் தமிழ்: பகல் விளக்கு

பெங்களூர் அல்சூரில் இருக்கும் சித்தப்பா போன மாதம் புதுக் கார் எடுத்தார். மூன்றாம் நாளே போன். "டேய், பட்டப்பகல்ல முன்னாடி லைட் எரியுது, எங்க தேடினாலும் ஸ்விட்ச் இல்ல. எதிர்ல வர்றவன் எல்லாம் கையை மூடி மூடித் திறந்து காட்டிட்டுப் போறான். இதை எப்படிடா நிறுத்துறது?" அதற்குள் ஜே.சி. ரோட்டில் இருக்கும் கார் பாகக் கடைகளில் விசாரித்தும் விட்டார். "அது டி.ஆர்.எல். சார், வேணும்னா வயரைக் கழட்டி விட்டுடலாம்" என்றிருக்கிறார்கள். கழட்டுவதற்கு முன்னால் அப்படி என்றால் என்ன என்று என்னிடம் கேட்டார், நல்ல கேள்வி, அதனால்தான் இதை எழுதுகிறேன்.

விரித்துச் சொன்னால் டேடைம் ரன்னிங் லைட். சிக்கல் நடுவில் இருக்கும் 'ரன்னிங்'கில்தான். நம்மிடம் ரன்னிங் லைட் என்றால் திருவிழாவுக்குத் தெருவில் கட்டுகிற, ஒன்றை ஒன்று துரத்திக்கொண்டு ஓடும் சீரியல் பல்புதான் நினைவுக்கு வரும். அதனால் 'பகல்நேர ஓடும் விளக்கு' என்று சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் படிப்பவருக்கு ஒன்றும் புரியாது. ஆங்கிலத்தில் இந்தச் சொல் கப்பலிலிருந்து வந்தது. கப்பல் ஓடும்போது எரிய வேண்டிய விளக்குகள் உண்டு: இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை. ஓடுவது கப்பல், விளக்கு அல்ல. அந்த விளக்குகளை வைத்து மாலுமி கடலைப் பார்ப்பதும் இல்லை, எதிரே வருகிற கப்பல்காரர் இது எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துகொள்ளத்தான் அவை.

காரிலும் அதே கதைதான். வழி காட்டுவது ஹெட்லைட்டின் வேலை, டி.ஆர்.எல். எதிரே வருகிறவர் கண்ணில் நம் வண்டி படுவதற்கு. குளிர்காலப் பகல் மங்கலாக இருக்கும் வடக்கு ஐரோப்பாவில்தான் பகலிலும் விளக்கோடு ஓட்டும் பழக்கம் சட்டமாக வந்தது, சுவீடனில் 1977-லேயே. கனடாவில் 1989 டிசம்பர் முதல் தயாரான வண்டிகளுக்கு, ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011 பிப்ரவரி முதல் புது மாடல் கார்களுக்குக் கட்டாயம். இந்தியாவில் கார்களுக்கு அந்தக் கட்டாயம் வரவில்லை, ஆனால் 2017 ஏப்ரல் 1-லிருந்து புது இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட் தானாக எரிந்தே ஆக வேண்டும், அதனால்தான் பைக்கில் அந்த ஸ்விட்ச்சே காணாமல் போனது. கையை மூடித் திறந்து காட்டுகிறவர்கள் இன்னும் அதற்கு முந்தைய காலத்துப் பழக்கத்தில் இருக்கிறார்கள், நல்ல மனசோடு காட்டுகிறார்கள், அவ்வளவுதான்.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். விளங்கு என்றால் தானே ஒளிர்வது, கண்ணுக்குத் தெரிவது. விளக்கு என்றால் மற்றதைத் தெரிய வைப்பது. திருந்து, திருத்து மாதிரி ஒரே வேரில் பிறந்த இரண்டு வினைகள். கண்டிப்பாகப் பார்த்தால் ஹெட்லைட்தான் விளக்கு, டி.ஆர்.எல். விளங்குவதோடு நின்றுவிடுகிறது. அதற்காக 'விளங்கி' என்று புதுச்சொல் கட்டலாமா என்று கொஞ்ச நாள் யோசித்தேன். வேண்டியதில்லை, ஏனென்றால் இதற்குச் சரியான சொல் ஆயிரம் வருடமாக நம்மிடம் இருக்கிறது.

கி.பி. 1000-ஐ ஒட்டி, சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் யூதர் தலைவரான யோசேப்பு ரப்பானுக்கு ஒரு செப்பேடு கொடுத்தான். வட்டெழுத்தில், தமிழிலிருந்து மலையாளம் பிரிந்துகொண்டிருந்த காலத்து மொழியில் இருக்கிறது. அதில் வழங்கிய 72 உரிமைகளில் சிலவற்றைப் பெயர் சொல்லியே அடுக்குகிறார்கள்: பகல் விளக்கு, பாவாடை, பல்லக்கு, குடை, வடுகப் பறை. இங்கே பாவாடை என்பது நடந்து வரும் வழியில் விரிக்கும் துணி. பகல் விளக்கு, பெரிய மனிதர் ஊர்வலமாக வரும்போது பட்டப்பகலில் முன்னால் ஏந்திப் போகும் விளக்கு. வெயில் அடிக்கும்போது அந்த விளக்கை வைத்து யாரும் பாதை பார்த்திருக்க மாட்டார்கள். ஒருவர் வருகிறார் என்பது மற்றவர்களுக்குத் தெரியத்தான் அது. பகலில் எரிவது, முன்னால் இருப்பது, நகர்ந்துகொண்டே வருவது, பார்க்க அல்லாமல் பார்க்கப்படுவதற்கு என்று டி.ஆர்.எல்.லுக்கு உள்ள எல்லா இலக்கணமும் அதில் இருக்கிறது! இதைவிட்டுவிட்டு 'பகல்நேர இயங்கு ஒளி' என்று ஏன் திணற வேண்டும்? பகல் விளக்கு. கேட்டவுடன் நாக்கில் உட்காருகிற சொல்.

அப்புறம் சித்தப்பா கேட்ட நிறுத்துவது. வீட்டில் சாமி விளக்கை அணை என்று சொல்ல விடமாட்டார்கள், மலையேற்று என்பார்கள், குளிர வை என்பார்கள். பகல் விளக்குக்குத் திரியும் இல்லை சுடரும் இல்லை, வண்டியின் கணினி போடுகிறது, அதுவே எடுக்கிறது, ஆகவே சித்தப்பா வாயில் தானாக வந்த 'நிறுத்து'தான் பொருத்தம்.

நிறுத்தும் வழி காருக்குக் கார் வேறு. சிலவற்றில் திரையில் உள்ள அமைப்புகளில் இருக்கும், பல கார்களில் ஹேண்ட் பிரேக் போட்டால் விளக்கு நின்றுவிடும். ஹெட்லைட் போட்டால் பகல் விளக்கு தானாக விலக வேண்டும் என்பது ஐ.நா. விதி 48. ராத்திரியிலும் அதே பட்டை மங்கலாக எரிகிறதே என்றால், அப்போது அது பார்க்கிங் லைட்டாக வேலை செய்கிறது. பேட்டரி தீர்ந்துவிடும் என்ற பயமும் வேண்டாம், இஞ்சின் ஓடும்போதுதான் எரிகிறது, ஹெட்லைட்டின் ஒரு ஹாலஜன் பல்பே 55 வாட் இழுக்க, எல்.இ.டி. பகல் விளக்குக்குச் சில வாட் போதும்.

வயரைக் கழட்டுவது மட்டும் கூடாது என்று அழுத்திச் சொன்னேன். ஒரே ஃபியூஸில் வேறு விளக்கும் இருக்கலாம். அதைவிட, ஓசூர் ரோட்டில் தூறலும் புகையுமாக இருக்கும் ஒரு காலையில் சாம்பல் நிறக் கார் சாலையோடு சாலையாகக் கலந்துவிடும், பெங்களூரில் ஓட்டுகிற யாருக்கும் இது தெரியும். உண்மையில் கவனிக்க வேண்டியது இன்னொன்று: பல கார்களில் பகல் விளக்கு எரியும்போது பின்விளக்கு எரியாது. சாயங்காலம் முன்னால் வெளிச்சம் தெரிகிறதே என்று ஹெட்லைட் போடாமல் போனால் பின்னால் வருகிற லாரிக்கு நாம் இருட்டு.

சித்தப்பா காரில் ஹேண்ட் பிரேக் போட்டதும் விளக்கு நின்றுவிட்டது. இப்போது சிக்னலில் யாராவது கையைக் காட்டினால் கண்ணாடியை இறக்கி "பகல் விளக்குப்பா" என்கிறாராம்.