லாயத்துச் சுவருக்கு சிமென்ட் வேண்டாம்

இன்னொரு லாயமும் போயிற்று. இங்கிலாந்தில் ஒரு பழைய மாளிகை. முற்றம் சுற்றிக் கட்டிய 18ஆம் நூற்றாண்டுக் குதிரை லாயம், வாசலுக்கு மேலே மணிக்கூண்டு. அதை உணவகமாக்கும்போது, உள்சுவரில் இடுப்பளவுக்கு ஓதம் என்று சிமென்ட் பூசிவிட்டார்கள். ஒரு குளிர்காலம்கூடத் தாங்கவில்லை. பூச்சு பாளம் பாளமாகப் பெயர்கிறது, செங்கல்லின் முகத்தையும் பிடுங்கிக்கொண்டு.

அது தரையிலிருந்து ஏறிய ஓதம் இல்லை ஐயா, குதிரை மூத்திரம்! ஒரு குதிரை நாளைக்கு 5 லிட்டருக்குக் குறையாமல் பெய்யும். சாட்ஸ்வர்த் மாளிகையில் கட்டடக் கலைஞர் ஜேம்ஸ் பெயின் 1760 வாக்கில் கட்டிய லாயத்தில் 80 குதிரைகளுக்கு இடம். தலைமுறை தலைமுறையாக ஊறியது நைட்ரேட் உப்பாகிச் சுவருக்குள் உட்கார்ந்திருக்கிறது. மழைநாளில் உப்பு ஜாடி கசிவதில்லையா? அதேபோல இந்தச் சுவரும் காற்றிலிருந்தே ஈரத்தை இழுத்துக் கறுக்கும், வெயிலடித்தால் வெளுக்கும்.

"ஈரமானி சிவப்பு காட்டுகிறதே" என்பார்கள். அந்த ஊசி மானி மரத்துக்கென்று அளவு வைத்தது. மின்சாரம் எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்றுதான் அது பார்க்கும். உப்பிருந்தாலும் சிவப்புதான். ஓதத்தைத் தடுக்கிறோம் என்று சுவரைத் துளைத்து ரசாயனம் ஏற்றுகிறவர்களுக்கு பில் போட அந்த விளக்கே போதும்.

துளையிட்ட தூளைப் பல ஆழத்தில் எடுத்து, உலர்த்துமுன்னும் பின்னும் எடை போடுங்கள். பிறகு அதை 75% ஈரப்பதக் காற்றில் வைத்து எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள். இரண்டு கணக்கும் நெருங்கி வந்தால் குற்றவாளி உப்புதான்.

சுவரில் வெள்ளையாகப் பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டிப் பெருக்கி வெளியே கொட்டுங்கள். கழுவாதீர்கள், கரைந்து மறுபடி உள்ளே போகும். மேலே சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு. சிமென்ட் சிட்டிகைகூட வேண்டாம். இந்தப் பூச்சு உப்பை வாங்கிக்கொண்டு உதிர்வதற்கென்றே போடுவது. சில வருஷத்தில் உதிர்ந்தால் கொத்தனாரைத் திட்டாதீர்கள், மறுபடி பூசுங்கள். இறுகப் பிடித்திருக்கும் பழைய சிமென்ட்டை மட்டும் வம்புக்குப் பெயர்க்க வேண்டாம், செங்கல் உடையும்.

வெளி மண்மட்டம் உள்தரைக்கு 150 மி.மீ. கீழே இருக்கட்டும். கோடு வெட்டிய நீலச் செங்கல் தரைமேல் கான்கிரீட் போட்டால் அடியிலுள்ள ஈரம் சுவர்ப்பக்கம்தான் ஒதுங்கும். காற்றுத் துவாரங்களை அடைக்காதீர்கள்.

"மாளிகைதானே பாதுகாப்புப் பட்டியலில் இருக்கிறது, லாயம் இல்லையே" என்ற சமாதானமும் வேண்டாம். அதே வளாகத்தில் 1948 ஜூலை 1க்கு முன்பிருந்தே நிற்கும் துணைக் கட்டடமும் பொதுவாகச் சட்டத்துக்குள் வரும். அதன் தன்மையை மாற்றும் வேலையை அனுமதியின்றிச் செய்வது பட்டியலிட்ட கட்டடங்களுக்கான 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கலவை குழைப்பதற்கு முன்னால் உள்ளூர் மன்றத்தின் பாதுகாப்பு அலுவலரிடம் தயவுசெய்து ஒரு வார்த்தை கேளுங்கள்.