டைம் லூப்: காலச்சுழலா, கால வளையமா, கால மடக்கா?

டைம் லூப்னு சொன்னா கதை பேசுறவங்களுக்கு ஒரே நாள் திரும்பத் திரும்ப விடியுறதும் அதுக்குள்ள ஒரு ஆள் மாட்டிக்கிட்டு முழிக்கிறதும்தான் ஞாபகம் வரும், டிசைன் அனிமேஷன் பக்கம் இருக்கவங்களுக்கு எங்க ஆரம்பிச்சுது எங்க முடிஞ்சுதுன்னே தெரியாம ஓடிட்டே இருக்குற படம், ஏறிக்கிட்டே போயும் பழைய படியிலயே வந்து நிக்குற படிக்கட்டு, இதெல்லாம் ஞாபகம் வரும். பேசுற விஷயம் வேற வேற மாதிரி தெரிஞ்சாலும் உள்ள இருக்குற கணக்கு ஒண்ணுதான். அந்தக் கணக்கு புரிஞ்சா தமிழ்ல இதுக்கு எந்தச் சொல் பொருந்தும்னும் புரிஞ்சிடும், அதனால முதல்ல அதுக்குப் போயிடலாம்.

லூப்ங்குற சொல் 14ஆம் நூற்றாண்டுல இருந்தே இங்கிலீஷ்ல இருக்கு. கயித்த மடிச்சுக் கொண்டுவந்து அதும் மேலயே போட்டா நடுவுல ஒரு திறப்பு விழும்ல, அதுதான் லூப். இந்த மடிப்ப ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

இனி அந்த விசித்திரப் படிக்கட்டு. நடக்கவே முடியாத உருவங்கள வரையுறத ஒரு வேலையாவே எடுத்துக்கிட்டவர்னா ஸ்வீடன் ஓவியர் ஆஸ்கர் ரூட்டர்ஸ்வார்ட், 1934ல பள்ளிக்கூடப் பையனா இருக்கும்போதே சின்னச் சின்ன கனசதுரங்கள அடுக்கி ஒரு முக்கோணம் வரைஞ்சாரு, பாக்க சாதாரணமா இருக்கும், ஆனா அப்படி ஒண்ண அடுக்கவே முடியாது. பின்னாடி 1958ல லயனல் பென்ரோஸும் அவர் மகன் ரோஜர் பென்ரோஸும் பிரிட்டன்ல ஒரு உளவியல் இதழ்ல ரெண்டு மூணு பக்கத்துக்கு ஒரு கட்டுரை போட்டாங்க, அதுலதான் அந்த முக்கோணமும் முடிவே இல்லாத படிக்கட்டும் உலகத்துக்குத் தெரிய வந்துச்சு. அத வச்சு டச்சு ஓவியர் எஷர் 1960ல மாடியில வட்டமா ஏறிட்டே இருக்குற ஒரு கூட்டத்தையும் எதிர்ப்பக்கம் இறங்கிட்டே இருக்குற ஒரு கூட்டத்தையும் வரைஞ்சாரு, அடுத்த வருஷமே கீழ ஓடுற தண்ணி தானா மேல போய் திரும்ப விழுற அருவியையும் வரைஞ்சாரு. படத்துல அசைவே கிடையாது, ஆனா பாக்குறவன் கண்ணு உள்ள போய் நிக்காம சுத்துது. ஒரு அசையாத தாளுக்குள்ள காலத்த ஓட விட்டதுதான் இங்க நடந்த பெரிய காரியம்னு நான் நினைக்கிறேன்.

இது எப்படி நடக்குது? ஐசோமெட்ரிக் வரைபடம்னு ஒண்ணு இருக்கு, தூரத்துல இருக்குறது சின்னதா தெரியாது, நீளம் அகலம் உயரம் மூணுமே ஒரே அளவுல 120 டிகிரி இடைவெளியில வரும். இதுல ஒரு புள்ளியில இருந்து நீளவாக்குல ஒரு அலகு, அகலவாக்குல ஒரு அலகு, அப்புறம் செங்குத்தா மேல ஒரு அலகு போங்க. தாள்ல பாத்தா கிளம்பின அதே புள்ளிக்கே வந்திருப்பீங்க! நிஜ உலகத்துல வரல, அங்கிருந்து கிட்டத்தட்ட 1.73 அலகு தள்ளி, சரியா பாக்குறவன் கண்ணு இருக்குற திசையில நகர்ந்திருப்பீங்க, அந்தத் திசைதான் தாள்ல தெரியவே தெரியாதே. இப்படித் தாள்ல மூடுற அந்த முக்கோணத்துல ஒவ்வொரு திருப்பமும் நேர்மையான 90 டிகிரி, ஒவ்வொரு மூலையையும் தனியா மூடிப் பாத்தா ஒரு தப்பும் இருக்காது, ஆனா மூணு மூலைக்கும் சேர்த்து 270 டிகிரி ஆகுது, முக்கோணத்துக்கோ 180தான். பொய் எந்த மூலையிலயும் இல்ல, மொத்தத்துல இருக்கு. ஆழத்த மடிச்சு, தூரத்துல இருக்குற ரெண்டு முனைய ஒண்ணு மேல ஒண்ணு போட்டுட்டாங்க, அவ்ளோதான்.

மரத்துல இரும்புல இத செஞ்சும் காட்டியிருக்காங்க. ஆஸ்திரேலியாவுல பெர்த் நகரத்துல 1999ல நிறுத்தின ஒரு பெரிய உலோக முக்கோணம் குறிப்பிட்ட இடத்துல நின்னு பாத்தா மட்டும் மூடும், அந்த இடத்த விட்டு நகர்ந்தா வாயப் பிளந்துக்கும். 2014ல வந்த மானுமென்ட் வேலிங்குற மொபைல் கேம் முழுக்க இந்தக் கணக்குலயே ஓடுது, கட்டடத்தத் திருப்பினா கண்ணுக்கு ஒட்டித் தெரியுற ரெண்டு பாதை உண்மையாவே ஒட்டிக்கும், பாத்திரம் அதுல நடந்து போயிடும்.

இப்ப ஆழம்ங்குற இடத்துல காலத்த வச்சுப் பாருங்க. ஒரு ஸ்பிரிங்க பக்கவாட்டுல பாத்தா ஏறிட்டே போற சுருள், அதோட நுனிக்கு நேரா கண்ண வச்சுப் பாத்தா வெறும் வட்டம். டைம் லூப் கதையும் அச்சு அசல் இதேதான், ஊர்ல இருக்குற மத்தவங்களுக்கு அது வட்டம், மாட்டிக்கிட்டவனுக்கு மட்டும் அது சுருள், ஏன்னா அவனுக்கு நேத்து நடந்தது ஞாபகம் இருக்கு, அந்த ஞாபகம்தான் அவனோட ஆழம், மத்தவங்க தாள்ல அது விழாது. அந்த ஞாபகத்தையும் எடுத்துட்டா கதையே கிடையாது, லூப்ல இருக்கோம்னு சொல்லக்கூட ஆள் இருக்காது.

சரி, சொல்லுக்கு வருவோம். காலச்சுழல்னு நிறைய பேர் எழுதுறாங்க, கேக்க அழகா இருக்கு, ஆனா சுழல்னா ஆத்துல உள்ள இழுத்துட்டுப் போறது, ஒவ்வொரு சுத்துக்கும் நடுவ நோக்கிப் போகும், கிளம்பின இடத்துக்கு வராது. காலச்சக்கரம்னா சக்கரம் உருண்டு முன்னாடி போயிடும், அது பருவம், யுகம்னு பேசுறதுக்குத்தான். கால வளையம் பரவால்ல, மூடியிருக்குங்குறது சரியா வருது, இயற்பியல்ல கணித மேதை கர்ட் கொடல் 1949ல ஐன்ஸ்டைன் சமன்பாட்டுக்குத் தீர்வா காட்டின, தன்னோட கடந்த காலத்துக்கே திரும்புற பாதை இருக்கே, அதுக்கு இதுதான் பொருத்தமும்கூட. ஆனா கதைக்கும் டிசைனுக்கும் வளையம் ரொம்ப சாதுவா இருக்கு, திரும்பி வர்றப்ப ஏதோ மாறியிருக்குங்குறது அதுல இல்ல.

எனக்குப் புடிச்சது கால மடக்கு. தமிழ் வழியில கணினி படிக்கிறவங்க நிரல்ல வர்ற லூப்ப மடக்குன்னுதான் படிக்கிறாங்க, ஆக சொல் ஏற்கனவே புழக்கத்துல இருக்கு. அதோட வேர் மடி, மடங்கு, மடக்குன்னு கயித்த மடிக்கிற பழைய லூப்போடவே போய் நிக்குது. ஒருத்தன வழியில மடக்கிட்டாங்கன்னு சொல்றோம்ல, மாட்டிக்கிறதும் வந்துடுச்சு. எல்லாத்துக்கும் மேல மடக்குங்குறது ஒரு சொல்லணி, தண்டியலங்காரம் சொல்ற இலக்கணப்படி வந்த எழுத்துக்கூட்டமே திரும்ப வரணும், ஆனா வேற பொருள் தரணும். இத விட அழகா டைம் லூப்ப யாரு விளக்க முடியும்? அதே அலாரம், அதே தெரு, அதே பேச்சு, அர்த்தம் மட்டும் வேற. அர்த்தம் மாறாம அப்படியே தொடக்கத்துக்கு வந்து மூடுறதுக்கும் நம்மகிட்ட தனிச்சொல் உண்டு, அந்தாதியோட கடைசிச் சொல் முதல் பாட்டோட முதல் சொல்லுலயே போய் முடிஞ்சா அத மண்டலிக்கிறதுன்னு சொல்லுவாங்க. தொடக்கமும் முடிவும் தெரியாம ஓடுற ஜிஃப் அனிமேஷன மண்டலிச்ச படம்னு தாராளமா சொல்லலாம்.

அந்த மண்டலிப்பு செய்யுறதுல ஒரு சூட்சுமம், 24 ஃப்ரேம்ல ஒரு முழுச் சுத்துன்னா ஃப்ரேமுக்கு 15 டிகிரி, கடைசி ஃப்ரேம் 345ல நிக்கணும், 360 வரைக்கும் போயிட்டா முதல் ஃப்ரேம் ரெண்டு தடவ வந்து ஒரு திக்கல் விழும், கண்ணு உடனே கண்டுபுடிச்சிடும். மூணு பக்கமும் ஒரே மாதிரி இருக்குற உருவம்னா 120 டிகிரி திருப்பினாலே போதும், மிச்சத்த பாக்குறவன் மூளையே சுத்திக்கும். பெல்ஜியத்துல ஜோசஃப் பிளாட்டோ 1832ல செஞ்ச சுழல்தட்டும் இப்படித்தான், வட்டத்த சுத்தி வரிசையா படம், இடுக்கு வழியா பாத்தா ஒரே அசைவு ஓயாம ஓடும்.

கூட வர்ற இன்னும் ரெண்டு சொல்லு. ஆப்டிகல் இல்யூஷனுக்கு ஒளியியல் மாயைன்னு எழுதுறாங்க, அது சரியில்ல, ஒளி ஒழுங்காத்தான் வருது, புரிஞ்சுக்குற இடத்துலதான் கோளாறு, அதனால பாரதியார் எழுதின காட்சிப்பிழைங்குற சொல்லே நல்ல சொல், கைவசம் இருக்குறத விட்டுட்டு புதுசா செய்ய வேண்டாம். பென்ரோஸ் முக்கோணம் மாதிரி இருக்குறதுக்கு இயலா உருவம்னு வச்சுக்கலாம், பொய் உருவம்னு மட்டும் சொல்லாதீங்க, வரைய முடியுது, பாக்க முடியுது, எந்தப் பக்கம் இருந்து பாத்தாலும் மூடுற மாதிரி கட்டத்தான் முடியல.