வலிக்காத புண்ணும் எச் 544 படிவமும்

முழங்கைக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பரு வரும். வலி இருக்காது, அரிப்பும் இருக்காது. நுளம்பு கடித்திருக்கும் என்று விட்டுவிடுவோம். சில வாரங்கள், சில மாதங்கள் போக அது தடித்து, நடுவில் குழி விழுந்து, மேலே பொருக்குக் கட்டிய புண்ணாகும். அப்போதும் வலிக்காது. அநுராதபுரம், பொலன்னறுவை, குருநாகல், அம்பாந்தோட்டை, மாத்தறைப் பக்கம் இருப்பவர்கள், வன்னியில் காட்டோரம் தோட்டம் செய்பவர்கள் இப்படி ஒரு புண்ணைக் கண்டால் கிறீம் பூசிக்கொண்டு காத்திருக்கக் கூடாது. அது லீஷ்மேனியாசிஸாக இருக்கலாம்.

மணல் ஈ கடிப்பதால் உடலுக்குள் போகும் ஒட்டுண்ணிதான் இதற்குக் காரணம். இலங்கையில் பரவும் ஒட்டுண்ணியின் பெயர் லீஷ்மேனியா டொனொவானி. இந்தியாவில் பீகார்ப் பக்கம் இதே இனம் கல்லீரலையும் மண்ணீரலையும் தாக்கிக் காலா அசார் என்ற உயிர்க்கொல்லி நோயைத் தருகிறது. இங்கே அது பெரும்பாலும் தோலோடு நின்றுவிடுகிறது. இந்த மண்ணிலேயே தொற்றிய முதல் நோயாளி 1992இல் பதிவானார். 2001ஐ ஒட்டிய ஆண்டுகளில் வடக்கில் கடமையில் இருந்த படையினரிடையே நிறையப் பேருக்கு வந்தது. இப்போது விவசாயிகள், வீட்டில் இருக்கும் பெண்கள், பள்ளிப் பிள்ளைகள் என்று எல்லாருக்கும் வருகிறது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? 2008இல் லீஷ்மேனியாசிஸ், அறிவிக்கப்பட வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. பட்டியலுக்கு அடிப்படை 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டம். இந்தப் பட்டியலில் உள்ள நோயைக் காணும் வைத்தியர் அதைத் தன்னோடு வைத்துக்கொள்ள முடியாது. எச் 544 என்ற படிவத்தை நிரப்பி, நோயாளி வசிக்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரிக்கு, அதாவது எல்லாரும் எம்ஓஎச் என்று சொல்பவருக்கு, அனுப்ப வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரி, தனியார் டிஸ்பென்சரி என்ற பேதம் இதில் இல்லை.

படிவம் எம்ஓஎச் கைக்குப் போனதும் அந்தப் பிரிவின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நம் வாயில் பிஎச்ஐ, வீடு தேடி வருவார். எப்போது புண் வந்தது, எங்கே வேலை செய்கிறீர்கள், வீட்டிலோ அயலிலோ வேறு யாருக்கும் இப்படி இருக்கிறதா என்று கேட்பார். மாட்டுத் தொழுவம், குப்பை மேடு, புற்று, வெடிப்பு விழுந்த சுவர் எல்லாவற்றையும் பார்ப்பார். அவர் எழுதும் அறிக்கையும் எம்ஓஎச் அலுவலகத்துக்குத்தான் போகும். அங்கிருந்து வாரத்துக்கு ஒரு முறை கணக்கு கொழும்பில் உள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும். அந்தப் பிரிவின் வாராந்த அறிக்கையில், டெங்கு, எலிக்காய்ச்சலோடு லீஷ்மேனியாசிஸுக்கும் மாவட்ட வாரியாக ஒரு நிரல் இருக்கிறது. ஒரு கிராமத்தில் நோய் கூடுகிறது என்பது அந்த எண்ணிக்கையில்தான் முதலில் தெரியும். உங்கள் புண் அதில் ஏறாவிட்டால் உங்கள் ஊரில் நோய் இல்லை என்றே அர்த்தமாகும்.

வார்டில் படுத்திருப்பவருக்குப் படிவம் போவது வழக்கமான வேலை. ஆனால் இந்த நோய்க்குப் பெரும்பாலானோர் வார்டில் படுப்பதில்லை. தோல் கிளினிக்குக்கு வந்து ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறார்கள். நெரிசலில் படிவம் தவறிப்போக வாய்ப்பு அதிகம். ஆகவே, “டொக்டர், எம்ஓஎச்சுக்கு அறிவிச்சாச்சா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அதில் தவறே இல்லை. இப்போது தங்கியிருக்கும் வீட்டு முகவரியையும் கைபேசி இலக்கத்தையும் சரியாகக் கொடுங்கள். உறவினர் வீட்டு முகவரியைக் கொடுத்தால் பிஎச்ஐ தவறான ஊருக்குப் போய் நிற்பார்.

சிகிச்சைக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் பணம் கிடையாது. பரிசோதனையும் மருந்தும் இலவசம். புண்ணின் ஓரத்தைச் சிறிது கீறி எடுத்து, சாயமிட்டு, நுணுக்குக்காட்டியில் ஒட்டுண்ணியைத் தேடுவார்கள். உறுதியானால் சோடியம் ஸ்டிபோகுளுக்கொனேற் என்ற மருந்தைப் புண்ணுக்குள்ளேயே, விளிம்பைச் சுற்றி, ஊசியால் ஏற்றுவார்கள். புண் வெளிறித் தடிக்கும் வரை ஏற்றுவதால் வலிக்கத்தான் செய்யும். இத்தனை நாளும் வலிக்காத புண் கிளினிக்குக்குப் போன பிறகு வலிக்கிறதே என்று சிலர் இரண்டாவது ஊசியோடு நின்றுவிடுகிறார்கள். பொதுவாக வாரம் ஒன்றாகப் பல வாரம் போட வேண்டிய ஊசி இது. சிலருக்கு திரவ நைதரசனால் உறையவைக்கும் சிகிச்சையும் கொடுப்பார்கள். வைத்தியர் போதும் என்று சொல்லும் வரை போக வேண்டும். இடையில் விட்டால் புண் ஆறாது, தழும்பும் பெரிதாகும்.

தொட்டால் இது ஒட்டாது. ஒரே பாயில் படுத்தாலும் ஒரே கோப்பையில் சாப்பிட்டாலும் வராது. பிள்ளைக்குக் கன்னத்தில் புண் என்பதற்காகப் பள்ளிக்கு வராதே என்று யாரும் சொல்ல முடியாது.

மணல் ஈ இரண்டு மூன்று மில்லிமீற்றர் அளவுதான் இருக்கும். நுளம்பைப் போல ரீங்காரமும் இல்லை. பொழுது சாயும் நேரத்திலும் விடியற்காலையிலும் கடிக்கும். சாதாரண நுளம்பு வலையின் கண் வழியே நுழைந்துவிடும் அளவுக்குச் சிறியது. சேனைக்கு, அதாவது காடு வெட்டிப் பயிர் செய்யும் நிலத்துக்கு, போகும்போது கை கால் மூடிய உடுப்பு, வீட்டைச் சுற்றி ஈரக் குப்பையும் சாணமும் தேங்காத முற்றம், இரண்டும் நம் கையில் இருப்பவை.

என் மாமா ஒருவர் ஐந்து மாதம் ஒரு தனியார் டிஸ்பென்சரியில் மாத்திரை வாங்கித் தின்றார். அப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். படிவம் போய், பிஎச்ஐ வீட்டுக்கு வந்த அன்று, வேலிக்கு அந்தப்பக்கம் விளையாடிக்கொண்டிருந்த சிறுமியின் காதோரம் ஒரு சிவந்த பரு இருந்ததைப் பிஎச்ஐ கண்டார். மிளகளவுதான் இருந்தது. அடுத்த கிளினிக் நாளில் அவளும் மாமாவோடு வரிசையில் நின்றாள்.