எம்.சி.பி. டிரிப் ஆகாமலே கருகும் பிளக்

கருகிப்போன பிளக் பாயின்டைக் கழற்றி மாட்டப் போகும் வீடுகளில் எல்லாம் ஒரே கேள்வி வரும்: "எம்.சி.பி. இருக்கே, அது ஏன் டிரிப் ஆகல?" மின்னோட்டம் அளவை மீறினால் தானாக இணைப்பைத் துண்டிக்கும் (டிரிப் ஆகும்) ஸ்விட்ச்தான் எம்.சி.பி. அது கெட்டுப்போய்விட்டது என்றே பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது நன்றாகத்தான் இருக்கும்.

ஒரு ஹீட்டரை எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் 2000 வாட் என்றால் சுமார் 8.7 ஆம்பியர் மின்னோட்டம். அதன் மின்தடை ஏறக்குறைய 26.5 ஓம். பேஸ் வழியாகப் போய், ஹீட்டருக்குள் நுழைந்து, நியூட்ரல் வழியாகத் திரும்பும் அந்தச் சுற்று முழுவதிலும் ஒரே அளவு மின்னோட்டம்தான் ஓடுகிறது. வழியில் இருக்கும் ஒவ்வொரு ஸ்க்ரூவும் ஒவ்வொரு பின்னும் அதே 8.7 ஆம்பியரைச் சுமக்கிறது. நியூட்ரல் பக்கம் லூசாக இருந்தால் பரவாயில்லை என்று நினைக்கவே கூடாது.

இப்போது ஒரு ஸ்க்ரூ தளர்ந்து, அந்த இடத்தில் 0.3 ஓம் மின்தடை உண்டாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்த மின்தடையில் இது ஒன்றுமே இல்லை. மின்னோட்டம் 8.6 ஆம்பியர் ஆகும், அதாவது கொஞ்சம் குறையத்தான் செய்யும். 16 ஆம்பியர் எம்.சி.பி. எதற்காக டிரிப் ஆக வேண்டும்? மின்சாரம் எங்கும் கசியவில்லை, அதனால் மின்கசிவைக் கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் அசையாது.

ஆனால் அந்த ஸ்க்ரூவின் நிலைமை வேறு. மின்னோட்டத்தின் வர்க்கத்தை மின்தடையால் பெருக்கினால் வெப்பம் வரும் என்று இயற்பியலாளர் ஜூல் 1840களிலேயே காட்டிவிட்டார். இங்கே அது சுமார் 22 வாட். ஒரு சிறிய சால்டரிங் அயர்னை பிளாஸ்டிக் சாக்கெட்டுக்குள் சொருகி வைத்தது போலத்தான். சூட்டில் செம்பு ஆக்சைடு ஆகும், உள்ளே இருக்கும் பித்தளைப் பிடி தன் இறுக்கத்தை இழக்கும், மின்தடை இன்னும் ஏறும். 0.6 ஓம் ஆனால் 43 வாட். எம்.சி.பி. அப்போதும் பேசாமல்தான் இருக்கும்.

அதே பாயின்டில் போன் சார்ஜர் போட்டால் ஒன்றும் ஆகாது. 0.1 ஆம்பியரில் அங்கே உண்டாகும் வெப்பம் 0.003 வாட். "சார்ஜர் நல்லாத்தானே வேலை செய்யுது" என்று சொல்லி அந்த இடத்தில் ஹீட்டரையோ அயர்ன் பாக்ஸையோ மாட்டாதீர்கள். பெரிய லோடு ஓடும்போதுதான் குறை வெளிப்படும்.

ஹீட்டர் கொஞ்ச நேரம் ஓடியதும் ஸ்விட்சை அணைத்து, பிளக்கின் பிளாஸ்டிக் உடலைத் தொட்டுப் பாருங்கள், பின்களைத் தொட வேண்டாம். லேசான வெதுவெதுப்பு சரி. கை வைக்க முடியாத சூடு, பழுப்பு நிறம், பிளாஸ்டிக் கருகும் நாற்றம், உள்ளே சரசரவென்று சத்தம், இதில் ஒன்று இருந்தாலும் எம்.சி.பி.யை இறக்கிவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

அவர் வந்ததும் பிளக்கை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள். சூடேறித் தளர்ந்த பழைய சாக்கெட் புது பிளக்கையும் கருக்கிவிடும், அதனால் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். கறுத்துப்போன வயர் முனையை நல்ல செம்பு தெரியும் வரை வெட்டி எடுக்க வேண்டும். பல இழை வயரின் முனையில் ஈயம் வைத்து ஸ்க்ரூவில் இறுக்கும் வழக்கம் இன்னும் சிலரிடம் இருக்கிறது. அது வேண்டாம் என்று தயங்காமல் சொல்லுங்கள், அழுத்தத்தில் ஈயம் மெல்ல நசுங்கி ஸ்க்ரூ மறுபடி லூசாகிவிடும்.