பாலித்தீன் தாளில் தண்ணீரைப் பரவவைக்கும் ஒளி

மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "நாற்றுக் கூடாரத்தின் பாலித்தீன் கூரையில், விடியற்காலையில் உள்பக்கம் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்து நிற்கிறது. அது சொட்டிச் சொட்டி மிளகாய் நாற்று அழுகுகிறது. புற ஊதா ஒளி காட்டிய தாளில் தண்ணீர் பரவி வழிந்துவிடுமாமே? நம் ஊர் வெயிலிலேயே தாளைக் காயப்போட்டால் என்ன?"

பாலித்தீன் முழுக்கக் கார்பனும் ஹைட்ரஜனும்தான். தண்ணீர் மூலக்கூறு பிடித்துக்கொள்ள அதில் எதுவும் இல்லை. அதனால் துளி உருண்டு நிற்கிறது. மேற்பரப்பில் கொஞ்சம் ஆக்சிஜனை ஏற்றிவிட்டால் போதும், பரவிவிடும்.

ஏற்றுகிற விதம்தான் அழகு. குவார்ட்ஸ் குழாயில் செய்த குறைந்த அழுத்தப் பாதரச விளக்கு, 185, 254 நானோமீட்டர் என இரண்டு அலைநீளங்களில் புற ஊதா ஒளி தருகிறது. 185 காற்றிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூறை இரண்டாகப் பிளக்கிறது. பிரிந்த அணு இன்னொரு ஆக்சிஜன் மூலக்கூறோடு சேர்ந்து ஓசோன் ஆகிறது. அந்த ஓசோனை 254 உடைத்து, ஆக்சிஜன் அணுவை மறுபடி வெளியே விடுகிறது. ஒன்று கட்டுகிறது, மற்றது பிரிக்கிறது; விளக்கு எரியும்வரை தனி ஆக்சிஜன் அணுக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. பசியோடு திரியும் இந்த அணு, பாலித்தீனின் நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்குகிறது. காலியான இடத்தில் ஆக்சிஜன் உட்கார்ந்து ஹைட்ராக்சில், கார்போனைல், கார்பாக்சில் தொகுதிகள் உருவாகின்றன. தண்ணீர் இவற்றோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டுக்கொள்ளும். இத்தனையும் மேலே சில நானோமீட்டர் ஆழத்துக்குள்தான்! அடியிலுள்ள தாள் அப்படியே இருக்கும்.

சரி, வெயில்? சூரியனிலும் இந்த அலைநீளங்கள் உண்டு. ஆனால் சுமார் 290 நானோமீட்டருக்குக் கீழே உள்ளதை வளிமண்டலம் வடிகட்டிவிடுகிறது. மிஞ்சி வரும் ஒளியிலும் தாளில் மெல்ல ஆக்சிஜன் ஏறும். கூடவே சங்கிலிகளும் அறுபட்டு, தாள் மொடமொடவென்று கிழியும். வெயில் இதற்கு உதவாது.

விளக்கு காட்டிய தாளிலும் ஒரு சிக்கல். சங்கிலிகள் மெதுவாகத் திரும்பி, ஆக்சிஜன் தொகுதிகளை உள்ளே புதைத்துக்கொள்ளும். சூடு கூடினால் இது வேகமாக நடக்கும். சித்திரை வெயிலில் டெல்டாக் கூடாரத்துக்குள் கேட்கவே வேண்டாம். அச்சடிக்க, பசை ஒட்டப் போகிறவர்களுக்குக் கவலையில்லை, உடனே வேலையை முடித்துவிடுவார்கள். கூரைக்குத்தான் இது தாங்காது.

இந்தத் திரும்பலைத் தடுப்பது நல்ல ஆராய்ச்சி. துளியின் ஓரம் தாளோடு சேரும் கோணம் குறையக் குறைய தண்ணீர் நன்றாகப் பரவுகிறது என்று பொருள்; அதை ஒரு கேமராவை வைத்தே அளந்துவிடலாம். டெல்டாவின் அரசுக் கல்லூரிகளுக்கு இப்படிப்பட்ட சிறிய வேலைகளுக்கு நிதி தர வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

அதுவரை, தண்ணீரை ஈர்க்கும் பொருளைத் தாளுக்குள்ளேயே கலந்து செய்த 'ஆன்ட்டி டிரிப்' ஷீட்டைக் கேட்டு வாங்குங்கள். அந்தப் பொருள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கசிந்து வந்துகொண்டிருக்கும். கூரைக்கு நல்ல சரிவு கொடுங்கள். பரவிய தண்ணீர் ஓரமாக வழிந்துவிடும். கிருமி கொல்லும் விளக்கை வாங்கி வீட்டில் சோதிக்க வேண்டாம். அவற்றில் பெரும்பாலானவை 185ஐ வெளியே விடுவதில்லை, 254 கண்ணையும் தோலையும் புண்ணாக்கும்.